இரண்டிலிருந்து எட்டு வரை

நான்கு மருந்து நிறுவனங்களை ஒப்பிட்டு
திங்களுக்குள் அறிக்கை கேட்டிருந்தார்கள்.
யார் எப்படிப் பொதிகிறார்கள், யார் எப்படி அனுப்புகிறார்கள்,
தவறினால் யார் என்ன செய்கிறார்கள்.
சாங்கி சரக்கு முனையத்தின் குளிர் அறையில்
மடிக்கணினியைப் பாலெட் மேல் வைத்து எழுதினேன்.
விரல் விறைத்தால் வெளியே வந்து
வெயிலில் கையைக் காயவைத்துத் திரும்புவேன்.

முதல் நிறுவனம் எட்டுக்கு மேல் எதைக் கண்டாலும் பதறும்.
சென்ற மாதம் மின்னல் எச்சரிக்கை விழுந்து
ஆட்கள் எல்லாம் கூரைக்குள் ஓட,
விமான வயிற்றிலிருந்து இறங்கிய சரக்கு
நாற்பத்தோரு நிமிடம் தார்ப்பரப்பில் தனியே நின்றது.
லாகர் சொன்னது:
ஒன்பது புள்ளி ஒன்று. ஆறு நிமிடம்.
பதினோராயிரம் குப்பி
துவாஸ் எரியுலைக்குப் போனது.
லாரி ஓட்டிய மாரிச்செல்வம் கேட்டார்,
"கெட்டுப்போச்சா சார்?"
கெடவில்லை. கெட்டிருக்கலாம்.
இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான்
எங்கள் தொழில் நடக்கிறது.

இரண்டாவதற்கு டப்ளினில் ஓனா என்றொருவர்.
எந்நேரம் அழைத்தாலும் எடுப்பார்.
இதற்கு முன் எத்தனை முறை எல்லை தாண்டியது என்பார்.
ஒவ்வொரு மருந்துக்கும்
வெப்பத்தில் செலவழிக்க இவ்வளவு நேரம் என்று
கணக்கு வைத்திருக்கிறார், வங்கிப் புத்தகம் போல.
அதில் ஆறு நிமிடம் கழித்துவிட்டு
"அனுப்புங்கள்" என்பார்.

மூன்றாவது, சராசரிக் கட்சி.
ஒன்பதையும் மூன்றையும் கூட்டி வகுத்தால் ஆறு,
யாருக்கு என்ன நஷ்டம்?
எட்டிப் பார்த்த ஹஸ்லினா சொன்னாள்:
"அப்படியானால் நானும்
வருடம் முழுக்க சரியான நேரத்துக்கு வந்தவள்தான்."

நான்காவது ஓசூர்க்காரர்கள். சின்ன நிறுவனம், இன்சுலின் மட்டும்.
பாலெட்டுக்கு ஒரே லாகர், அதுவும் மலிவானது.
முந்தின நாளே தொலைபேசி வரும்:
லாரி எத்தனை மணிக்கு, மழை இருக்குமா, ஓட்டுவது யார்.
பணம் போதாதவன்
கவலையைக் கொஞ்சம் கூடுதலாகப் பொதிந்து அனுப்புகிறான்.
பெட்டி மூலையில் நீல மார்க்கரில், தமிழில்,
"வெயில்ல வைக்காதீங்க."
இங்கே யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினார்களோ.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஆவணம் போதாது என்று 'சி' போட்டேன்.

வெள்ளி இரவு ஈஷூன் வீட்டுக்கு வந்து பார்த்தால்
நிறுத்த மறந்த லாகர் ஒன்று சட்டைப் பையில்
சிமிட்டிக்கொண்டிருந்தது.
என்ன தோன்றியதோ,
ஃபிரிட்ஜ் கதவில், புளிக்கரைசலுக்கும் சம்பால் போத்தலுக்கும் நடுவே
என் இன்சுலின் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஆறாயிரம் மைல் அளந்து வந்த மருந்தை
இந்தக் கடைசி நான்கடியில்
எவரும் அளந்ததில்லை.

காலையில் வரைபடத்தைத் திறந்தேன்.
இரவு இரண்டு பத்துக்கு ஒரு மலை:
பதினொன்று புள்ளி மூன்று, பத்தொன்பது நிமிடம்.
ராணுவ முகாமிலிருந்து தாமதமாய் வந்த அமுதன்
கதவைத் திறந்தபடியே நின்று
நேற்றைய பிரியாணியைத் தின்றிருக்கிறான்.
விலகல் படிவத்தில் எழுதுவதானால்,
காரணம்: பசி.
திருத்த நடவடிக்கை:
அந்த இடத்தைக் காலியாகத்தான் விட வேண்டும்.

பேனாவைத் திருப்பிப் பார்த்தேன். ஓசூர்.
டப்ளினில் அப்போது நள்ளிரவு.
ஓனாவை எழுப்பவில்லை.
சட்டையைத் தூக்கி ஊசியைக் குத்திக்கொண்டேன்.

பிறகு அறிக்கைக்குத் திரும்பினேன்.
'சி'யை மாற்றவில்லை.
பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்து
எழுதினேன்:
மாரிச்செல்வம் படித்தார்.
பெட்டியை நிழலுக்கு நகர்த்தினார்.